1980ஸ்-ஆ, 1980’ஸ்-ஆ? ஆங்கிலப் பன்மையில் அபாஸ்ட்ரஃபியைக் கையாளும் முறை

ஆங்கிலத்தில் அறிக்கையோ ஆய்வுக் கட்டுரையோ எழுதுகிறவருக்கும் அதைத் திருத்துகிறவருக்கும் இடையே, அளவுக்கு மீறிய மனக்கசப்பை உண்டாக்கும் குறி ஒன்று உண்டென்றால் அது ’ என்று மேலே நிற்கும் அபாஸ்ட்ரஃபிதான். எண்பதுகளைக் குறிக்க 1980ஸ் என்று எழுத வேண்டுமா, 1980’ஸ் என்று எழுத வேண்டுமா? ஒன்றுக்கு மேற்பட்ட சிடி இருந்தால் சிடிஸ் என்பதா, சிடி’ஸ் என்பதா? இரு தரப்பாரும் தாங்கள் பள்ளியில் படித்ததையே சான்றாகக் காட்டுவார்கள். பெரும்பாலான நேரங்களில் இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள், ஏனெனில் வெவ்வேறு காலத்துப் பாடநூல்கள் வெவ்வேறு விதமாகவே கற்பித்தன. எனவே முதலில் செய்ய வேண்டியது, விதி எங்கே உறுதியாக இருக்கிறது, எங்கே அது ஒரு பதிப்பகத்தின் வழக்கம் மட்டுமே என்று பிரித்துக்கொள்வதாகும். ஆங்கில எழுத்துகளை இங்கே தமிழ் எழுத்திலேயே காட்டுவதால், எஸ் ஒட்டி வரும் இடங்களில் ஸ் என்று எழுதியிருக்கிறேன். குறி எங்கே நிற்கிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

சர்ச்சை இல்லாத பகுதி

சாதாரணப் பெயர்ச்சொல்லின் பன்மைக்கு அபாஸ்ட்ரஃபி கிடையாது. புக்ஸ், டேபிள்ஸ், டொமேட்டோஸ், போட்டோஸ், டாக்சிஸ் ஆகியவற்றில் எதற்கும் குறி தேவையில்லை என்பதில் இன்று எந்த எழுத்து நடைக் கையேட்டுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கடைப் பலகையில் டொமேட்டோ’ஸ் என்று எழுதுவதைப் பிரிட்டனில் ‘காய்கறிக் கடைக்காரரின் அபாஸ்ட்ரஃபி’ என்று கேலி செய்வார்கள். காய்கறிக்காரர்களை மட்டும் பழிப்பது அநியாயம். உணவக அட்டை, திருமண அழைப்பிதழ், பெருநிறுவன விளம்பரம் என எல்லா இடத்திலும் இந்தப் பிழை உண்டு.

பிழை இவ்வளவு பரவலாக இருப்பதற்குக் காரணம் காதில் இருக்கிறது. பாய்ஸ் என்ற ஒலி பல சிறுவர்களையும் குறிக்கும், ஒரு சிறுவனுடையதையும் குறிக்கும், பல சிறுவர்களுடையதையும் குறிக்கும், ‘சிறுவன் இருக்கிறான்’ என்பதன் சுருக்கமாகவும் வரும். நான்கும் பேச்சில் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. வேறுபாடு முழுவதும் எழுத்தில்தான் உள்ளது. ஆகவே ஐயம் வரும்போது, வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது உதவாது. அந்தச் சொல்லைத் தமிழாக்கிப் பாருங்கள்: ‘-உடைய’ அல்லது ‘-இன்’ வந்தால் குறி உண்டு, ‘-கள்’ மட்டும் வந்தால் குறி இல்லை, ‘-களுடைய’ என்று இரண்டும் சேர்ந்து வந்தால் ஸ் முதலில், குறி அதற்குப் பின்னால். சில்ட்ரன், விமன் போன்று தன் வடிவத்தையே மாற்றிக்கொண்டு பன்மையாகும் சொற்களுக்கு மட்டும் இந்தக் கடைசி விதி பொருந்தாது. பெண்களுடைய என்பதை விமன்’ஸ் என்றே எழுத வேண்டும்.

குடும்பப் பெயர்களும் இதே விதிக்கு உட்பட்டவை. ஸ்மித் குடும்பத்தார் ஸ்மித்ஸ், ஜோன்ஸ் குடும்பத்தார் ஜோன்சஸ். வாசல் பலகையில் தி ஸ்மித்’ஸ் என்று எழுதினால், ஸ்மித் என்ற ஒருவருடைய ஏதோ ஒன்று என்று பொருள்படுமே தவிர, குடும்பம் முழுவதையும் குறிக்காது.

இவ்வளவு திட்டவட்டமான விதியும் என்றென்றும் இருந்ததில்லை என்பதை அறிந்துகொள்வது நல்லது. அபாஸ்ட்ரஃபி பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழக்கைப் பின்பற்றி ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, அதன் வேலை விடுபட்ட எழுத்தைக் காட்டுவது மட்டுமே. உடைமைப் பொருளில் அது வந்ததும் அந்த வழியில்தான்: பழைய ஆங்கிலத்தின் உடைமை விகுதியில் இருந்த இ எழுத்து மறைந்த இடத்தைக் குறி நிரப்பியது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில், ஓபரா, கமா போல உயிரெழுத்தில் முடியும் அயற்சொற்களுக்கு ஓபரா’ஸ், கமா’ஸ் என்று குறியிட்டுப் பன்மை எழுதுவது படித்தவர்களிடையே சாதாரணமாக இருந்தது. வெறும் ஸ் சேர்த்தால் படிப்பவர் சொல்லைத் தவறாக உச்சரிப்பாரோ என்ற கவலையே அதற்குக் காரணம். டச்சு மொழியில் இன்றும் அதே காரணத்துக்காக போட்டோ’ஸ், டாக்சி’ஸ், பிட்சா’ஸ் என்று எழுதுவதுதான் சரியான எழுத்துமுறை. ஆக, இன்று பலகையில் டொமேட்டோ’ஸ் என்று எழுதுகிறவர் ஆங்கிலத்தின் கைவிடப்பட்ட ஒரு வழக்கத்தை அறியாமலே தொடர்கிறார். அதற்காக அவரைப் பின்பற்ற வேண்டியதில்லை. ஏளனம் செய்வதற்கு முன் சற்று நிதானிக்கலாம்.

பத்தாண்டுகளை எழுதுவது

சண்டை உண்மையில் தொடங்கும் இடம் இது. எண், ஒற்றை எழுத்து, சுருக்கம் ஆகியவை சொற்களைப் போல இல்லாததால், அவற்றோடு ஸ் ஒட்டும்போது இடையில் ஒரு தடுப்பு வேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், குறிப்பாக அமெரிக்காவில், கற்பித்தார்கள். 1980’ஸ் என்ற வடிவம் அந்தப் பாடத்தின் எச்சம். தி நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் 1999ஆம் ஆண்டு நடைக் கையேடுகூட அப்படித்தான் எழுதச் சொன்னது. பிற்பாடு அந்த நாளிதழ் குறியைக் கைவிட்டது. இன்று அமெரிக்க நூல் பதிப்பகங்கள் பின்பற்றும் சிகாகோ கையேடு, அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் கையேடு, ஆக்ஸ்ஃபோர்டின் ஹார்ட்ஸ் விதிகள், உளவியல் துறையினரின் ஏபிஏ கையேடு ஆகிய நான்கும் குறியில்லாத 1980ஸ் வடிவத்தையே ஏற்கின்றன. புதிதாக எழுதுகிறவர் வேறெதையும் யோசிக்காமல் இதை எழுதலாம்.

கையேடுகளின் ஒற்றுமையைவிட வலுவான காரணம் ஒன்றும் உண்டு. 1980’ஸ் என்பதற்கு ஏற்கெனவே வேறொரு பொருள் இருக்கிறது: ‘1980ஆம் ஆண்டினுடைய’. ஓர் அரசியல் கட்டுரையில் 1980’ஸ் எலெக்‌ஷன் என்று வந்தால், அது இந்திரா காந்தி மீண்டும் ஆட்சிக்கு வந்த 1980 ஜனவரித் தேர்தலைக் குறிக்கும். 1980ஸ் எலெக்‌ஷன்ஸ் என்று வந்தால் 1984, 1989 தேர்தல்களும் அதில் அடங்கும். பழைய வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டுக்கும் ஒரே வடிவத்தை எழுதுகிறவர், படிப்பவரை ஒரு கணம் நிறுத்தி யோசிக்க வைக்கிறார். உங்களோடு வாதிடுகிறவரை இணங்கச் செய்ய இந்த ஓர் எடுத்துக்காட்டே பெரும்பாலும் போதுமானது. கையேட்டின் பெயரைச் சொன்னால் அவர் இன்னொரு கையேட்டின் பெயரைச் சொல்வார்.

முழு பத்தாண்டினுடையது என்று உடைமைப் பொருள் தேவைப்படும்போது 1980ஸ்’ என்று குறியைக் கடைசியில் இடுவது இலக்கணப்படி சரி. ஆனால் அது பக்கத்தில் அழகாக அமைவதில்லை. 1980ஸ் மியூசிக் என்று பத்தாண்டையே அடைமொழியாக வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

நூற்றாண்டைச் சுருக்கி எழுதும்போது குறி இடம் மாறுகிறது. 1990ஸ் என்பதில் 19 விடுபட்டால், விடுபட்ட இடத்தைக் காட்ட முன்னால் ஓர் அபாஸ்ட்ரஃபி வரும்: ’90ஸ். இது பன்மைக்கான குறி இல்லை. விடுபட்ட எழுத்துக்கான, பதினாறாம் நூற்றாண்டிலிருந்து வரும் அதே பழைய வேலை. சிகாகோவும் அசோசியேட்டட் பிரஸ்ஸும் இப்படி எழுதுகின்றன. பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் அந்த முன்குறியையும் விட்டுவிட்டு வெறும் 90ஸ் என்று எழுதுகிறது. இரண்டும் ஏற்கத்தக்கவை. ஏற்க முடியாதது முன்னும் பின்னும் குறியிட்ட ’90’ஸ் மட்டுமே. தமிழ்நாட்டின் சமூக ஊடகங்களில் புழங்கும் ‘90’ஸ் கிட்ஸ்’ என்ற தொடரில் குறி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதற்கும் இந்த இரண்டு வழக்குகளின் குழப்பமே காரணம் என்று தோன்றுகிறது. மீமில் அது யாருக்கும் இடைஞ்சலில்லை. ஆங்கிலக் கட்டுரையில் எழுதும்போது குறியை முன்னால் நகர்த்திவிடுங்கள், அல்லது எடுத்துவிடுங்கள்.

வயதைச் சொல்லும்போதும் இதே வழிதான். அறுபதுகளில் இருக்கும் ஒருவரை 60ஸ் என்று குறியின்றி எழுத வேண்டும். இங்கே எந்த எண்ணும் விடுபடாததால் முன்குறிக்கும் வேலை இல்லை. போயிங் 747 விமானங்கள் 747ஸ். நூற்றாண்டைக் குறிக்க 1800ஸ் என்று எழுதும்போது மட்டும், அது நூறு ஆண்டுகளையா அல்லது 1800 முதல் 1809 வரையிலான பத்தையா என்ற ஐயம் எழும். அபாஸ்ட்ரஃபியால் தீராத ஐயம் இது, ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டு என்று சொல்லால் எழுதிவிடுவதே மேல்.

சுருக்கங்கள்

சிடிஸ், எம்பிஸ், ஏடிஎம்ஸ், என்ஜிஓஸ் என்று எதற்கும் குறியில்லாமல் எழுதுவதே இன்றைய பொது வழக்கு. ஆங்கிலத்தில் சுருக்கம் பெரிய எழுத்திலும் பன்மை ஸ் சிறிய எழுத்திலும் வருவதால், கண் தானாகவே இரண்டையும் பிரித்துக்கொள்கிறது. இந்த வசதி இல்லாமல் போகும் ஓரிடம் உண்டு: முழுவதும் பெரிய எழுத்தில் அமைந்த தலைப்பு. டிவியின் பன்மையைத் தலைப்பில் அப்படி எழுதினால் அது டிவிஎஸ் என்று ஆகிவிடும். நம்மூர் வாசகருக்குத் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குப் பதிலாக மோட்டார் சைக்கிள்தான் நினைவுக்கு வரும். தி நியூயார்க் டைம்ஸ் நீண்ட காலம் சுருக்கங்களுக்குக் குறியிட்டு வந்ததற்கு அதன் பெரிய எழுத்துத் தலைப்புகளே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. எனவே உங்கள் வெளியீட்டில் தலைப்புகள் அப்படித்தான் அமைகின்றன என்றால், தலைப்பில் மட்டும் குறியை அனுமதிக்கலாம், அல்லது ஸ் எழுத்தை மட்டும் சிறியதாக விடலாம். இரண்டாவது வழியே எனக்குப் பிடித்தது.

இடையில் முற்றுப்புள்ளிகள் வரும் பட்டப் பெயர்ச் சுருக்கங்களில் பழைய வழக்கம் நீண்ட நாள் நீடித்தது. சிகாகோ கையேட்டின் 2003ஆம் ஆண்டுப் பதிப்பு எம்.ஏ. போன்றவற்றின் பன்மைக்கு அபாஸ்ட்ரஃபி இடச் சொன்னது. 2010ஆம் ஆண்டுப் பதிப்பு அதையும் நீக்கியது. உங்கள் மேசையில் இருப்பது பழைய பதிப்பு என்றால், நீங்களும் உங்கள் சகாவும் ஒரே நூலைக் காட்டியே எதிரெதிராக வாதிடக்கூடும்.

சுருக்கத்தின் பன்மையில் குறியை நீக்கிவிடுவதால் கிடைக்கும் பெரிய ஆதாயம், உடைமைப் பொருளுக்கு அது பத்திரமாகக் கிடைக்கிறது என்பதுதான். 2009இல் பிரிட்டனை உலுக்கிய நாடாளுமன்றச் செலவுக் கணக்கு ஊழலைச் செய்தித்தாள்கள் எழுதியதைப் பாருங்கள். எம்பி’ஸ் எக்ஸ்பென்சஸ் என்றால் ஓர் உறுப்பினரின் செலவு; எம்பிஸ்’ எக்ஸ்பென்சஸ் என்றால் பல உறுப்பினர்களின் செலவு. குற்றச்சாட்டு ஒருவர் மீதா, ஓர் அவை நிறைய இருப்பவர்கள் மீதா என்பதை அந்தக் குறி நிற்கும் இடம் மட்டுமே சொல்கிறது. எம்பிகள் என்பதற்கே எம்பி’ஸ் என்று எழுதிப் பழகியவரிடம் இந்த வேறுபாட்டைக் காட்ட வழியே இருக்காது.

குறி தேவைப்படும் ஒரே இடம்

இனி விதிவிலக்கு. ஒற்றை எழுத்தின் பன்மையில், குறிப்பாகச் சிறிய எழுத்தின் பன்மையில், அபாஸ்ட்ரஃபி இல்லாவிட்டால் படிப்பவர் தடுமாறுவார். ஆங்கிலச் சிறிய எழுத்து ஏ, ஐ, யு ஆகியவற்றோடு ஸ் சேர்த்து எழுதிப் பாருங்கள்: ஆஸ், இஸ், அஸ் என்ற மூன்று வேறு சொற்கள் கிடைக்கின்றன. ஆகவே பி’ஸ், கியூ’ஸ் என்றும், ஐ’ஸ், டி’ஸ் என்றும் குறியிட்டு எழுதுவதை அசோசியேட்டட் பிரஸ், சிகாகோ, ஆக்ஸ்ஃபோர்டு ஆகிய மூன்றுமே ஏற்கின்றன. பன்மைக்கு அபாஸ்ட்ரஃபியே கூடாது என்று மேசையைத் தட்டுகிறவர்கள் இந்த இடத்தில் தோற்றுப் போகிறார்கள்.

பெரிய எழுத்துகளில் கருத்து பிரிகிறது. படிக்க, எழுத, கணக்கிட என்ற மூன்று அடிப்படைத் திறன்களைக் குறிக்கும் தொடரைச் சிகாகோ த்ரீ ஆர்ஸ் என்று குறியின்றி எழுதும்; அசோசியேட்டட் பிரஸ் த்ரீ ஆர்’ஸ் என்று எழுதும். மதிப்பெண் பட்டியலில் வரும் ஏ தரங்களுக்கு அசோசியேட்டட் பிரஸ் வழியே எனக்குப் பாதுகாப்பாகப் படுகிறது, ஏனென்றால் வாக்கியத் தொடக்கத்தில் பெரிய ஏ எழுத்தும் ஸ் எழுத்தும் சேர்ந்தால் அது ஆஸ் என்ற இணைப்புச் சொல்லாகவே கண்ணில் படும். ஒரே ஆவணத்தில் ஏ’ஸ் என்றும் பிஸ் என்றும் கலந்து எழுதுவது மட்டும் வேண்டாம்.

சொல்லையே பெயராக்கிப் பன்மை செய்யும்போதும் ஓரிரு இடங்களில் இந்தத் தடுமாற்றம் உண்டு. செய்ய வேண்டியவை, கூடாதவை என்ற பொருளில் வரும் தொடரை அசோசியேட்டட் பிரஸ் டூ’ஸ் அண்ட் டோன்ட்ஸ் என்றும், சிகாகோ அதே டூஸ் வடிவத்தைக் குறியின்றியும் எழுதுகின்றன. குறியில்லாத வடிவத்தைப் பார்த்தால் டாஸ் என்ற பழைய கணினி இயங்குதளத்தின் பெயர் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. அசோசியேட்டட் பிரஸ்கூட டோன்ட்’ஸ் என்று இரண்டாவது சொல்லுக்குக் கூடுதல் குறி இடுவதில்லை, அதில் ஏற்கெனவே ஒன்று இருப்பதால். தர்க்கத்துக்குப் பொருந்தவில்லை என்று யாரேனும் சொன்னால், அவர் சொல்வது சரிதான் என்று ஒப்புக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

விசைப்பலகையில் கவனிக்க வேண்டியது

’90ஸ் என்று சரியாக முடிவு செய்த பிறகும் அச்சில் தவறாக வருவதற்கு, சொற்செயலியின் தானியங்கித் திருத்தமே பெரும்பாலும் காரணம். இடைவெளிக்குப் பின் ஒற்றைக் குறியைத் தட்டினால், மேற்கோள் தொடங்குகிறது என்று மென்பொருள் எண்ணிக்கொண்டு, 6 போல வளைந்த தொடக்கக் குறியை இட்டு ‘90ஸ் என்று ஆக்கிவிடும். தேவையானது 9 போல வளைந்த குறி: ’90ஸ். எளிய வழி, குறியை இரண்டு முறை தட்டிவிட்டு முதலாவதை அழித்துவிடுவது. இரண்டாவது குறி முடிவுக் குறியாகவே வரும். விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண் பலகையில் 0146 தட்டலாம். மேக்கில் ஆப்ஷன், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு வலப்பக்கச் சதுர அடைப்புக்குறி விசையைத் தட்டலாம். யூனிகோடில் இந்தக் குறியின் எண் 2019. பெரிய விளம்பரப் பலகைகளில்கூட இந்தக் குறி தலைகீழாக நிற்பதைப் பார்க்க முடிகிறது. பன்மைச் சண்டையில் தீவிரமாக இருக்கும் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

பிறர் எழுதியதைத் திருத்தும்போது

முதலில், அந்த ஆவணம் எந்தக் கையேட்டைப் பின்பற்றுகிறது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், ஒரு பக்கத்தில் நான்கு முடிவுகளை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: முழு பத்தாண்டு, சுருக்கிய பத்தாண்டு, சுருக்கங்கள், ஒற்றை எழுத்துகள். பலர் சேர்ந்து எழுதும் அறிக்கையில் இந்தப் பக்கம் வேலை தொடங்கும் முன்பே எல்லோர் கைக்கும் போய்ச் சேர வேண்டும். முடிந்த பிறகு அனுப்பினால் அது குற்றப்பத்திரிகை போலத் தோன்றும்.

அடுத்து, ஒட்டுமொத்தமாகத் தேடி மாற்றும் வசதியை நம்ப வேண்டாம். 0’ஸ் என்று வரும் எல்லா இடங்களையும் ஒரே தட்டலில் 0ஸ் ஆக்கினால், மேலே சொன்ன 1980ஆம் ஆண்டினுடைய தேர்தலும் பத்தாண்டாக மாறிவிடும். தேடலை மட்டும் மென்பொருளிடம் விட்டு, ஒவ்வொன்றையும் நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள். நேரான குறி, வளைந்த குறி இரண்டையும் தனித்தனியாகத் தேட மறக்க வேண்டாம். மின்னஞ்சலிலிருந்து ஒட்டப்பட்ட பத்திகளில் நேரான குறிதான் இருக்கும்.

மேற்கோளைத் தொடாதீர்கள். 1990களில் வெளிவந்த ஓர் அமெரிக்க நாளிதழ்ச் செய்தியை எடுத்தாளும்போது அதில் 1980’ஸ் என்றிருந்தால் அப்படியே இருக்கட்டும். அது அந்தக் காலத்து அந்த இதழின் விதிப்படி சரியாக எழுதப்பட்டது. நூல் தலைப்புகளுக்கும் நிறுவனப் பெயர்களுக்கும் இதுவே பொருந்தும். அமெரிக்க பேஸ்பால் அணி ஒன்று தன் பெயரை ஏ’ஸ் என்றே எழுதுகிறது; அதைத் திருத்த உங்களுக்கு உரிமை இல்லை.

கடைசியாக, எழுதியவருக்கு அனுப்பும் குறிப்பின் சொற்கள். டொமேட்டோ’ஸ் என்றிருந்தால் பிழை என்று சொல்லலாம். 1980’ஸ் என்றிருந்தால் ‘நமது வெளியீட்டின் வழக்கப்படி மாற்றப்பட்டது’ என்று எழுதுங்கள், ஏனெனில் உண்மை அதுதான். மூத்த பேராசிரியர் ஒருவர் தான் ஐம்பது ஆண்டுகளாக எழுதி வந்ததைப் பிழை என்று ஏற்க மாட்டார், வழக்கம் என்றால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார். அவர் அப்போதும் மறுத்து, நூல் முழுவதும் ஒரே சீராக 1980’ஸ் என்றே இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினால், ஆண்டின் உடைமைப் பொருளில் வரும் இடங்களை மட்டும் ‘இன் 1980’ என்ற பொருள்பட மாற்றி எழுத அவரிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு, மற்றவற்றை அவர் விருப்பத்துக்கே விட்டுவிடலாம்.